விடுபட்ட வரி

அந்த மனிதரை அந்த வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனது நான்தான். மழையில் அவர் நனைந்துவிடக் கூடாதே என்று என் குடையை அவர் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வேறு போனேன். என் இடது தோள் முழுக்க நனைந்துவிட்டது. இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வரும்.

நான் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். இருபத்திரண்டு வருஷமாக ஒரே மேஜை, ஒரே ஜன்னல். கல்யாணப் பத்திரிகை, மருந்துப் பெட்டி அட்டை, பள்ளிக்கூடத்து நோட்ஸ் என்று வருகிறதெல்லாம் படிப்பேன். இதற்கு நடுவில் மாதம் ஒருமுறை ஒரு இலக்கியப் பத்திரிகையும் எங்களிடம் அச்சாகும். அதில் ‘அறிமுகம்’ என்று நான்கு பக்கம். மாதம் ஒரு புதுக் கவிஞரைத் தேடிப்பிடித்து, அவர் யார், என்ன வேலை செய்கிறார், எந்த நிலைமையில் எழுதுகிறார் என்று ஒரு கட்டுரை. அதற்குக் கீழே அவருடைய மூன்று நான்கு கவிதைகள். அந்தப் பகுதியை எழுதுகிறவரை அச்சகத்தில் எல்லோருமே ‘அறிமுகம்’ என்றுதான் சொல்வோம். “அறிமுகம் வந்திருக்காரு, டீ சொல்லு.” அவர் காதிலும் அது விழுந்திருக்கிறது. பட்டம் கொடுத்த மாதிரி சிரித்துக்கொள்வார்.

அவரிடம் ஒரு பழக்கம். தாளைத் திருப்பும்போதெல்லாம் ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டுக்கொள்வார். அவர் கையிலிருந்து எனக்கு வரும் கட்டு முழுக்க வலது மூலையில் மட்டும் ஈரம் காய்ந்து சுருங்கியிருக்கும். யார் யாரோ ராத்தூக்கம் கெட்டு எழுதின கவிதைகள். அத்தனையிலும் அவருடைய எச்சில். நான் இடது மூலையைப் பிடித்துத்தான் திருப்புவேன்.

அந்தப் பகுதியில் இதுவரை நாற்பது பேர் வந்திருப்பார்கள். ஆட்டோ ஓட்டுகிறவர், கல் உடைக்கிறவர், பிணவறைக் காவலாளி, சிறையிலிருந்து வந்தவர். அத்தனை பேரும் ஏதோ ஒரு துயரத்தோடுதான் அதற்குள் போக முடியும். துயரம் போதாது என்றால் அவரே கொஞ்சம் போட்டு நிரப்பிக்கொள்வார். இது எனக்கு முன்னாலேயே தெரியும். தெரிந்தும் கூட்டிக்கொண்டு போனேன்.

நான் குடியிருப்பது ஒரு மாடிப் பகுதியில். கீழே ஒரு புருஷனும் பொண்டாட்டியும். அவர் வெல்டர், கேட்டும் கிரில்லும் செய்கிற பட்டறையில் வேலை. அவள் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இருந்தாள். வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாக விரிப்புகள் வரும். முதலில் பிரித்துப் போட வேண்டும். ரத்தம் பட்டது ஒரு பக்கம், சீழ் பட்டது ஒரு பக்கம், மற்றது ஒரு பக்கம். மெஷினில் போடுவதற்கு முன் ரத்தக் கறையைக் குளிர்ந்த தண்ணீரில் கையால் அலச வேண்டும். வெந்நீர் பட்டால் கறை துணியோடு ஒட்டிக்கொள்ளும். மூட்டைக்குள் சில நாள் ஊசி இருக்கும், சில நாள் பல் செட், ஒருநாள் ஒரு விரல் நகம் முழுசாக இருந்ததாம். கையுறை வாரத்துக்கு ஒன்று கொடுப்பார்கள். இரண்டாம் நாளே கிழிந்துவிடும். பிளீச்சிங் பவுடர் தின்று அவள் விரல் நுனிகள் பாளம் பாளமாக வெடித்திருக்கும். சோறு பிசைந்தால் எரியும் என்று கரண்டியால்தான் சாப்பிடுவாள்.

பேனா பிடித்தாலும் எரியும். அதனால் அவள் சொல்வாள், அவர் எழுதுவார். பட்டறைக்கு வருவதற்கு முன் அவர் வண்டிகளுக்கு நம்பர் பிளேட் எழுதிக்கொண்டிருந்தவர். எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, இரண்டு பேரும் கட்டிலில் எதிரெதிரே உட்கார்ந்துகொள்வார்கள்.

“போகவில்லைன்னு போடவா, போகலன்னு போடவா?”

“போகவில்லை.”

“நீ பேசுறப்ப போகலன்னுதானே சொல்ற?”

“பேசுறது வேற. எழுதினா கொஞ்சம் குளிச்சிட்டு வரணும்.”

இது எனக்கு மாடிப்படியில் கேட்கும். சிரிப்பு வரும். ஒரு ஞாயிறு அவர்கள் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். சோறு, பருப்பு, ஆளுக்கு ஒரு முட்டை. சாப்பிட்டு முடித்ததும் அவர் பெட்டிக்குள்ளிருந்து தாள்களை எடுத்துவந்தார். அவள், “ஐயோ, வேணாங்க” என்று முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். அவர் படித்தார். முதலில் படித்தது அவரைப் பற்றியே.

*கண்ணாடி போட்டுக்கொண்டு*
*நெருப்பைப் பார்க்கிறவன்*
*வீட்டுக்கு வந்து*
*கழற்றி வைத்துவிட்டு*
*என்னைப் பார்க்கிறான்.*

படித்து முடித்ததும் அவருக்குக் காது சிவந்துவிட்டது. நாற்பத்தைந்து வயது ஆள்.

அடுத்து படித்தது அவருடைய அம்மாவைப் பற்றியது. அந்தக் கிழவியை எனக்கும் தெரியும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. கடைசி மூன்று வருஷம் கிழவிதான் பிள்ளை மாதிரி. குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் எல்லாம் இவள்தான். கிழவி அதே ஆஸ்பத்திரியில் கிடந்தபோது படுக்கையிலிருந்து வழுக்கி வழுக்கிக் கீழே வந்துகொண்டிருந்தாள். விரிப்பு சுருண்டு முதுகில் குத்துகிறதென்று இவள் விரிப்பின் ஒரு மூலையை முடிச்சுப் போட்டுக் கட்டில் கம்பியோடு இறுக்கி வைத்தாள். மறுநாள் கிழவி ரத்தமாக வாந்தியெடுத்துச் செத்துப்போனாள். காரியமெல்லாம் முடிந்து இவள் வேலைக்குப் போன அன்று காலையில் மூட்டையைப் பிரித்தால், தேங்கிக் கிடந்த துணிகளுக்குள் அந்த விரிப்பு.

*மூட்டையைப் பிரித்தேன்.*
*முப்பது விரிப்புகளில் ஒன்றில்*
*மூலையில் முடிச்சு.*
*நான் போட்டதுதான்.*
*கறை*
*உள்ளங்கை அளவு.*
*மூன்று தண்ணீர் மாற்றினேன்.*
*போகவில்லை.*
*நான்காவது மாற்றவில்லை.*
*ஈரக் கையோடு நிற்கிறேன்.*
*அத்தை, முடிச்சை மட்டும் அவிழ்த்துக்கொள்கிறேன்.*

கடைசி வரியை அவர் இரண்டு தடவை படித்தார். அவள் எழுந்து போய் அடுப்படியில் எதையோ நகர்த்தினாள்.

“அக்கா, உங்க பத்திரிகையில போடுவாங்களா?” என்று கேட்டது அவர்தான். “நாலு பேரு படிக்கட்டுமே. அம்மா பேரு சொல்ல எங்களுக்குத்தான் யாருமில்ல.”

“எனக்கு வேணாம்” என்றாள் அவள்.

“உனக்கு வேணாம்னா எனக்கு வேணும்” என்றார்.

நான் தாள்களை வாங்கிக்கொண்டேன்.

அறிமுகம் வந்தது அடுத்த வாரம். விடாத மழை. வீட்டுக்குள் குறுக்கே கொடி கட்டி ஈரத் துணி தொங்கிக்கொண்டிருந்தது. வெல்டர் பட்டறையில் இருந்தார். அறிமுகம் நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து உரித்து, ஒவ்வொரு சுளையாகப் போட்டுக்கொண்டே வீட்டை ஒரு சுற்று பார்த்தார். பார்வை ஏலத்துக்கு வந்தவன் பார்வை. டீ வந்தது. டம்ளரை வாங்கவில்லை, டம்ளரை நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டார்.

“இதுதான்! இந்தக் கை. அம்மா, பாத்தீங்களா இந்தக் கையை?” என்று என்னிடம் சொன்னார். நான் அதைத் தினமும் பார்க்கிறவள். அவள் கையை இழுத்துக்கொண்டாள். டீ கொஞ்சம் சிந்தியது.

“சகோதரி, எப்போ எழுதுவீங்க?”

“ஞாயித்துக்கெழமை. இவரு எழுதுவாரு, நான் சொல்லுவேன்.”

“அவரு எழுதுவாரா?” அவர் முகம் சுருங்கியது. “அப்படின்னா... நீங்க தனியா, யாருக்கும் தெரியாம எழுதினது ஏதும் இல்லையா? குளியலறையில, சமையலறையில?”

“குளியலறையில எப்படி சார் எழுதுறது? தாளு நனஞ்சுபோகுமே.”

அவர் சிரித்துவைத்தார். ஆரஞ்சு விதைகளைக் கையில் துப்பி, வைக்க இடம் தேடி, மடியில் இருந்த கவிதைத் தாளின் ஓரத்தில் வைத்தார்.

“வீட்டுக்காரரு கோவக்காரரோ?”

“கோவமா? வருமே. சோறு ஆறிப்போனா வரும்.”

“கை நீட்டுவாரா?”

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். “இவரா? கரப்பான் பூச்சியை அடிக்கவே என்னைத்தான் சார் கூப்பிடுவாரு.”

“மறைக்காதீங்க சகோதரி. கவிதையில மறைக்க முடியாது. எனக்கு வரிகளுக்கு நடுவுல படிக்கத் தெரியும்” என்று கண்ணை மூடித் திறந்தார். பிறகு தாள்களைப் புரட்டினார், நாக்கைத் தொட்டுத் தொட்டு. நெருப்புக் கவிதையை எடுத்து ஓரமாக வைத்தார். “இது வேணாம். இது சாதாரணமா இருக்கு. சந்தோஷமா இருக்கறவங்க நெறைய பேரு எழுதுறாங்க.” விரிப்புக் கவிதையை எடுத்துக்கொண்டார். சீழ் பற்றிய ஒன்றையும், ஊசி குத்திய ஒன்றையும் எடுத்துக்கொண்டார்.

போகும்போது விதைகள் நாற்காலிக்கு அடியில் கிடந்தன. அவள் கூட்டி எடுத்தாள்.

கட்டுரை என் மேஜைக்கு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. தலைப்பு, ‘அறையும் கைகளுக்கும் அலசும் கைகளுக்கும் நடுவே’. கணவன் கண்ணில் படாமல், குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, சோப்பு உறையின் பின்பக்கத்தில் எழுதுகிறாராம். நெருப்போடு வேலை செய்கிறவன் வீட்டுக்கும் நெருப்பைக் கொண்டுவருகிறானாம். அப்புறம் விரிப்புக் கவிதைக்கு விளக்கம். ‘முடிச்சு என்பது என்ன? மணவாழ்வு அல்லவா? “நான் போட்டதுதான்” என்று தன்னையே நொந்துகொள்கிறாள் இந்தப் பெண். கறை ஏன் உள்ளங்கை அளவு? வாசகரே, உங்கள் உள்ளங்கையை விரித்துப் பாருங்கள். அது அறைந்த கையின் அளவு.’

டீ குடித்துக்கொண்டிருந்த டம்ளரை வாயிலிருந்து எடுத்துக் கீழே வைத்தேன். பிறகு என் வேலையைச் செய்தேன். அச்சுக்கோர்த்ததை மூலத்தோடு ஒப்பிட வேண்டும், வரி விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விட்டிருந்தது. ‘ஈரக் கையோடு நிற்கிறேன்’ என்பதோடு கவிதை முடிந்திருந்தது. மூலத்தில், அந்த நம்பர் பிளேட் கையெழுத்தில், கடைசி வரியின் மேல் பென்சிலால் ஒரு கோடு.

போன் செய்தேன்.

“சார், கடைசி வரி விட்டுப்போச்சு.”

“விட்டுப்போகலம்மா, நான் எடுத்தேன். அது எடிட்டிங்.”

“அது அவங்க மாமியாரைப் பத்தின கவிதை சார். அந்த வரி இல்லன்னா அர்த்தமே மாறிடுது. அந்த ஆளு அப்படிப்பட்டவரு இல்ல. எனக்குத் தெரியும், நான் மேல்வீட்டுல இருக்கேன்.”

“அம்மா.” கொஞ்ச நேரம் அவர் எதையோ மென்றார். “நீங்க பிழை பாக்கறவங்க. பிழை மட்டும் பாருங்க. கவிதையை நான் பாத்துக்கறேன்.”

நான் முதலாளியிடம் போயிருக்கலாம். அன்று மாலையே படியிறங்கி அந்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்கலாம். ‘சரி சார்’ என்றேன். ‘குளியலறை’யில் ‘ளி’க்குப் பதில் ‘லி’ போட்டிருந்தார்கள். அதைத் திருத்தினேன். கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அந்த இதழ் வெளிவரும் வரை பன்னிரண்டு நாள், கீழ்வீட்டைத் தாண்டும்போதெல்லாம் செருப்புச் சத்தம் வராமல் நடந்தேன்.

வெளிவந்தது. இலக்கியப் பத்திரிகையை யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்திருந்தேன். யாரோ பக்கத்தைப் படம் பிடித்துப் போனில் போட, அது ஆஸ்பத்திரிக்குள் சுற்றி, அங்கிருந்து கிளம்பிப் பட்டறைக்கு வந்தது. பட்டறையில் ஒருத்தன் அவர் கையைப் பிடித்து விரித்து, “காட்டுண்ணே, அளவு பாப்போம்” என்றானாம். ஒரு வீட்டுக்கு கேட் செய்துகொண்டிருந்தார், பூவேலைப்பாடு வைத்தது, முக்கால்வாசி முடிந்துவிட்டது. அந்த வீட்டம்மா நேரில் வந்து, பெண்டாட்டியை அடிக்கிறவன் கையால் செய்த கேட் எங்கள் வாசலுக்கு வேண்டாம், வேறு ஆளை வைத்துச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். முன்பின் தெரியாதவள். கட்டுரை படித்துக் கண் கலங்கினவளாம்.

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்து கையைப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் தட்டை நீட்டினால் கீழே வைக்கச் சொல்லி, வைத்த பிறகு எடுத்துக்கொண்டார். படியில் என்னைப் பார்த்தபோது ஒரே ஒரு தடவை சொன்னார்:

“அவ பக்கத்துல போகவே பயமா இருக்கு அக்கா. தெருவுல யாராவது ஜன்னல் வழியா பாத்தா, நான் கையைத் தூக்குறதுதான் தெரியும்னு தோணுது. நேத்து அவ தலையில பஞ்சு ஒட்டியிருந்துச்சு. எடுக்கல.”

நான் ‘சரியாயிடும்பா’ என்றேன். வேறு என்ன சொல்ல முடியும், எனக்கு இருந்த யோக்கியதைக்கு.

நான்காம் நாள் அவருடைய அக்கா வந்தாள். பஸ் டிப்போ கேன்டீனில் பாத்திரக் கணக்கு பார்க்கிறவள். குரல் தெருமுனை வரை போகும். மழையில் வந்த செருப்பைக்கூடக் கழற்றாமல் நடுவீட்டில் நின்றுகொண்டாள். நான் மாடியிலிருந்து இறங்கி வாசலில் நின்றேன்.

“ஏம்மா, எந்தம்பி உன்னை எப்போ அடிச்சான்? தேதி சொல்லு. கெழமை சொல்லு. நானும் தெரிஞ்சுக்கறேன்.”

“அண்ணி, நான் அப்படிச் சொல்லவே இல்ல.”

“சொல்லாமயா எழுதுவாங்க? படிச்சவங்க எழுதியிருக்காங்க. எங்க கேன்டீன்ல டிரைவரு ஒருத்தரு சத்தமா படிக்கிறாரு, எல்லாரும் உச்சுக் கொட்டுறாங்க. யாரு வீடுன்னு எனக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியாது. நானும் சேர்ந்து உச்சுக் கொட்டினேன்! தெரியுமா? எந்தம்பிக்கு நானே உச்சுக் கொட்டினேன்!”

“அந்தக் கவிதை உங்க தம்பியைப் பத்தி இல்ல அண்ணி. அத்தையைப் பத்தி.”

அக்கா நின்றுவிட்டாள். “எந்த அத்தை?”

“நம்ம அத்தை. உங்க அம்மா. கடைசியா படுத்திருந்த விரிப்பு என் மூட்டையிலதான் வந்துச்சு.” அவள் கடைசி வரியையும் சேர்த்து முழுதாகச் சொன்னாள், ஒப்பிக்கிற மாதிரி, தரையைப் பார்த்துக்கொண்டு.

அக்கா மெல்ல உட்கார்ந்தாள். பிறகு பேசினபோது குரல் சின்னதாக இருந்தது.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீ. அம்மா துணி உங்கையில வந்துச்சுன்னு. ஊருக்குச் சொன்ன, எனக்குச் சொல்லல.”

“எப்படிச் சொல்றதுன்னு தெரியல அண்ணி.”

“எழுதத் தெரிஞ்சுதா? எங்கம்மா கறையை ஊரே உள்ளங்கை வெச்சு அளந்து பாக்குது. யாரு கறைன்னுகூட தெரியாம பாக்குது. அவன் பேரைக் கெடுத்தது அந்த ஆளுன்னே வெச்சுக்கோ. அம்மாவைக் கொண்டுபோய்க் குடுத்தது யாரு?”

வெல்டர் கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். “நான்தான்க்கா. அவ வேணாம்னுதான் சொன்னா. நான்தான் குடுக்கச் சொன்னேன்.”

அக்கா எழுந்து போய்விட்டாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தரையில் அக்காவின் செருப்புச் சேறு இரண்டு வட்டமாக இருந்தது. அவள் துடைக்கத் துணியை எடுத்தாள். எடுத்த துணியைத் திரும்பக் கொடியில் போட்டுவிட்டு, “கெளம்புங்க, அந்த ஆளைப் பாத்துட்டு வரலாம்” என்றாள். என்னையும், “அக்கா, வழி உங்களுக்குத்தானே தெரியும்” என்றாள்.

பத்திரிகை அலுவலகம் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறை. ஈரத்தில் உப்பிப்போன காகிதக் கட்டுகள், சுவரோரம் பூஞ்சை. அறிமுகம் தனியாக இருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து கையை விரித்தார்.

“வாங்க சகோதரி! எத்தனை கடிதம் வந்திருக்கு தெரியுமா? ஒரு அம்மா அழுது அழுது எழுதியிருக்காங்க. இவரு யாரு?”

“இவருதான் நீங்க எழுதின புருஷன்.”

அறிமுகம் ஒரு அடி பின்னால் போய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

“பயப்படாதீங்க சார்” என்றார் வெல்டர். “அடிக்க வரல. அடிச்சா நீங்க எழுதினது நெசமாயிடும்.”

அறிமுகம் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். கவிதை என்பது எழுதி முடித்ததும் எழுதினவருக்குச் சொந்தமில்லை. அதில் எழுதினவருக்கே தெரியாத உண்மை இருக்கும். கட்டுரையில் வருவது இந்தத் தனி மனிதர் அல்ல, ஆண் என்கிற ஒரு குறியீடு. ஐந்து நிமிஷம் பேசினார். நான் இதே பேச்சை நாற்பது தடவை அச்சில் படித்திருக்கிறேன்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்: “கவிதை எனக்குச் சொந்தமில்லன்னா நீங்களே வெச்சுக்கோங்க சார். புருஷன் எனக்குச் சொந்தந்தானே? அவரை எதுக்கு எடுத்தீங்க?”

அறிமுகத்தின் முகம் மலர்ந்தது. “ஆகா! பாத்தீங்களா, இதுதான் இவங்க மொழி!” என்று சொல்லி, ஒரு தாளை இழுத்து அதை எழுதிக்கொண்டார். எங்கள் கண் முன்னாலேயே எழுதினார்.

வெல்டர் அதைப் புரிந்துகொள்ளவில்லை. மனிதன் இளகுகிறான் என்று நினைத்துவிட்டார் போல. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, முதல் தடவையாகக் கையைப் பாக்கெட்டிலிருந்து வெளியே எடுத்து, அம்மாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அம்மா எப்படி வழுக்கி வழுக்கி வந்தாள், எப்படி இவள் முடிச்சுப் போட்டாள், அம்மா கடைசியாகப் பேசியது மகனிடம் இல்லை, மருமகளிடம், “முதுகுல உறுத்தல, நல்லாயிருக்கு” என்று. சொல்லும்போது கண்ணில் தண்ணீர் நின்றது. “அந்த வரியை ஏன் சார் எடுத்தீங்க? அதுலதான் அம்மா இருந்தாங்க.”

“அந்த வரி வந்தா கவிதை சுருங்கிப்போகுது. மாமியார்னு வந்துட்டா வாசகர் அழமாட்டாரு.” சொல்லிக்கொண்டே அறிமுகம் கைக்குட்டையை எடுத்துத் தன் கண்ணைத் துடைத்தார். நிஜமாகவே ஈரம் இருந்தது. துடைத்துவிட்டுப் போனை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

“நீங்க இப்போ சொன்னதை இன்னொரு தடவை சொல்றீங்களா? பதிவு பண்ணிக்கறேன். அடுத்த இதழ்ல போடலாம். ‘ஒரு வெல்டரின் கண்ணீர்’. இது அதைவிடப் பெருசா போகும்.”

மருந்துக்கடையிலிருந்து ஏதோ கஷாய நாற்றம் மேலே வந்துகொண்டிருந்தது. அந்த அறையில் மூச்சு விடவே எனக்கு அருவருப்பாக இருந்தது. வெல்டர் போனையே பார்த்தார், பிறகு தன் கைகளைப் பார்த்தார். அவள்தான் எழுந்தாள். மேஜையைச் சுற்றிப் போய் அலமாரியில் இருந்த தாள் கட்டை இழுத்தாள்.

“சகோதரி, அது ஆவணம்! அதைத் தொடக் கூடாது!”

“எங்க வீட்டுத் தாளு.”

புருஷனுடைய கையெழுத்தை நூறு தாளுக்கு நடுவிலும் அவளுக்குத் தெரியும். உருவி எடுத்தாள். கடைசி வரி மேல் இருந்த பென்சில் கோட்டைப் பார்த்தாள்.

அப்போதுதான் அறிமுகத்துக்குக் கோபம் வந்தது. “என்னமோ நான் திருட்டுத்தனமா பண்ணின மாதிரி பேசுறீங்களே! இந்தம்மா போன் பண்ணிக் கேட்டாங்க, வரி விட்டுப்போச்சுன்னு. நான் எடுத்தேன்னு சொன்னேன். சரி சார்னு கையெழுத்துப் போட்டு அனுப்பினாங்க. கேளுங்க! அச்சாகறதுக்குப் பன்னெண்டு நாள் முன்னாடி. அவங்க உங்க மேல்வீட்டுல தானே இருக்காங்க?”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

“அக்கா?” என்றாள்.

“ஆமாம்மா” என்றேன்.

அவள் தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். புருஷன் கையைப் பிடித்தாள், அந்த ஆள் முன்னாலேயே. பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். தெருவில் தூறிக்கொண்டிருந்தது. என்னிடம் குடை இருந்தது, அவர்களிடம் இல்லை. கொஞ்சம் வேகமாக நடந்து குடையை நீட்டினேன். இருவரும் வேகத்தைக் கூட்டினார்கள். வீடு வரைக்கும் இருபதடி பின்னால்தான் நடந்தேன்.

அடுத்த இதழில் கடைசிப் பக்கத்தில், விளம்பரத்துக்குக் கீழே, யாரையும் கேட்காமல் நானே ஒரு திருத்தம் சேர்த்தேன். சென்ற இதழ்க் கவிதையில் ஒரு வரி விடுபட்டது, கவிதை ஆசிரியர் தம் மாமியாரைக் குறித்து எழுதியது, கட்டுரையில் கணவரைப் பற்றிச் சொன்னவை உண்மையல்ல. வேலை போகும் என்று நினைத்தேன். போகவில்லை. அறிமுகம் அதைப் பார்த்துவிட்டு முதலில் குதித்தாராம். பிறகு ஒரு கூட்டத்தில், தவறு என்றால் தயங்காமல் திருத்திக்கொள்ளும் நேர்மையான பத்திரிகை எங்களுடையது என்று பேசிக் கைதட்டு வாங்கினார். அந்தப் பேச்சும் அச்சுக்கு வந்தது. நான்தான் பிழை பார்த்தேன்.

அந்த இதழை எடுத்துக்கொண்டு கீழே போனேன். வெல்டர் கதவைத் திறந்தார். வாசலில் நின்றபடியே வாங்கிப் படித்தார், மடித்துத் திருப்பிக் கொடுத்தார். “இந்தப் பக்கத்தை யாரும் போட்டோ எடுக்கமாட்டாங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

இரண்டு ஞாயிறு கழித்து மதியம் படியிறங்கும்போது பாதி திறந்த ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கட்டிலில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவர் எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய அக்காவும் இருந்தாள், காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். என் நிழல் விழுந்ததோ என்னவோ, கவிதை சொல்லிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். எழுந்து வந்தாள். ஜன்னலைச் சாத்தத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். என்னைப் பார்த்து, மரியாதையாக, புதிதாகக் குடிவந்தவர்களிடம் கேட்கிற மாதிரி கேட்டாள்:

“மேடம், மோட்டார் போட்டுக்கவா? மேல உங்களுக்குத் தண்ணி வேணுமா?”

“வேணாம்மா, போட்டுக்கோ” என்றேன்.

“சரிங்க மேடம்” என்று உள்ளே போனாள்.